பக்கத்து நிலத்தில் இறால் பண்ணை வந்தால் நம் வயல் உப்பாகுமா?

சீர்காழிக்குக் கிழக்கே உப்பனாற்றுப் பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் வனாமி இறால் பண்ணை போடப் போகிறாராம். "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறாராம். முறையாக நடத்தினால் சுற்றுச்சூழலுக்கு ஒரு பாதிப்பும் வராது என்பது அவர் பேச்சு. பண்ணை வந்தால் வயல், கிணறு, ஆறு மூன்றும் போச்சு என்பது ஊரில் மற்றவர்கள் பேச்சு. யார் சொல்வது சரி, முறையாக நடத்துவது என்றால் என்ன, கையெழுத்துப் போடலாமா? இதுதான் கேள்வி.

கேள்வியை இப்படியே எடுத்துக்கொண்டால் 'இறால் பண்ணை நல்லதா கெட்டதா' என்ற பழைய பட்டிமன்றத்தில்தான் போய் நிற்போம். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இரண்டு விஷயம். பண்ணையின் உப்பு உங்கள் மண்ணுக்குள் வருமா? பண்ணையின் கழிவு எங்கே போகும்? இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஊரில் இரண்டு தரப்பும் ஆளுக்குப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். கழிவைப் பண்ணைக்காரர் மனது வைத்தால் பெருமளவு சமாளிக்கலாம். உப்பு அப்படி இல்லை. பண்ணைக்கு எந்த இடம் என்று முடிவாகும் அன்றே உப்பின் கதையும் பாதிக்கு மேல் முடிவாகிவிடும். பிறகு எவ்வளவு ஒழுங்காக நடத்தினாலும் தவறான இடத்தைச் சரிசெய்ய முடியாது.

நான் மீன்வளம் படித்தவன். நாகை, நெல்லூர் கடலோரப் பண்ணைகளில் வெகுகாலம் தொழில்நுட்ப ஆளாக இருந்தேன். இப்போது ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறேன். என் சம்பளம் இந்தத் தொழிலிலிருந்து வந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். மண், நீர், இறால் பற்றி உறுதியாகப் பேசுவேன். சட்டத்தில் நடைமுறைக்குத் தேவையான அளவுதான் தெரியும்.

முதலில் உங்கள் ஊர்க்காரர்களின் பயத்தைப் பற்றி. அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் வரியிறால், அதாவது டைகர் இறால், பணம் காய்க்கும் மரமாக இருந்தபோது, கம்பெனிகள் உங்கள் பகுதியில்தான் வந்து குவிந்தன. விலை கொடுத்து நஞ்சையை வாங்கிக் குளம் வெட்டினார்கள். கழிவை வடிகாலில் விட்டார்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் 1994-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. பாரம்பரியப் பண்ணைகள் தவிர, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை எல்லாம் 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மறுசீராய்வு மனுக்களால் அந்த உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை. கடைசியில் 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பண்ணைகளைத் தடை செய்வதற்குப் பதிலாகப் பதிவு செய்து ஒழுங்குபடுத்துவது என்ற வழியைப் பிடித்தது. இதற்கிடையே, 1994–95-ல் வந்த வெள்ளைப்புள்ளி நோய் எந்த நீதிமன்றத்தாலும் முடியாத வேகத்தில் பண்ணைகளை மூடிவிட்டது. கம்பெனிகள் போய்விட்டன. உப்பேறிய குளங்கள் அங்கேயே கிடந்தன. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் கண்ணால் பார்த்தது இதைத்தான். 2009-ல் வனாமிக்கு அனுமதி கிடைத்த பிறகு வந்தது வேறொரு அலை. தொழில்நுட்பம் மேல், விதிகள் மேல். ஆனால் ஒரே பரப்பில் போடும் குஞ்சும் தீவனமும் முன்பைவிட அதிகம்.

சரி, உப்புக்கு வருவோம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. உப்பனாற்றில் இது காலத்துக்குக் காலம் மாறும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல நீர் மாதிரி இறங்கும், சித்திரையில் கடலையே தாண்டும். குளத்து நீர் சராசரியாக 25 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல களிமண் குளத்திலும் கொஞ்சம் கசியும். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் கசிகிறது என்றாலும், ஒரு ஹெக்டேருக்கு அது 10 கன மீட்டர் நீர், 250 கிலோ உப்பு. 110 நாள் வளர்ப்பில் 27 டன்னுக்கு மேல். இத்தனையும் உங்கள் வயலுக்கு வரும் என்று சொல்லவில்லை. பெரும்பகுதி நேர்க்கீழே இறங்கும், கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். கீழே ஏற்கெனவே உப்பு நீர்தான் என்றால் யாருக்கும் புதிய நஷ்டம் இல்லை. கீழே நல்ல நீர் இருந்தால் நஷ்டம் உங்களுக்கு.

நெல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு உறுதியான அளவு இருக்கிறது. மண்ணின் மின்கடத்துத் திறன் (பரிசோதனைத் தாளில் 'ஈசி' என்று போட்டிருப்பார்கள்) மண்ணை நீரில் முழுக்க நனைத்து வடித்தெடுத்த சாற்றில் அளக்கும்போது மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டியதும் விளைச்சல் இறங்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 சதவீதம் குறையும். ஏழில் பாதி போய்விடும். உப்பைத் தாங்கும் ரகங்கள் இதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

ஆகவே எல்லாவற்றையும் முடிவு செய்வது மண். உங்கள் பகுதியில் கடற்கரையை ஒட்டிய மேடுகள் மணல், கொஞ்சம் உள்ளே தள்ளினால் களி, நடுவில் இரண்டும் கலந்த பட்டைகள். ஒரே நிலத்தில் மேலே மூன்றடி களியும் அதற்குக் கீழே மணலும் இருப்பதுண்டு. மேல்மண்ணைப் பார்த்துவிட்டுக் "களிதான் சார், ஒன்றும் கசியாது" என்பார்கள். குளம் வெட்டும்போது அந்தக் களியைத்தான் எடுத்துக் கரை போடுவார்கள். குளத்தின் அடி மணலில் போய் நிற்கும். அதனால் பண்ணை வரப்போகும் நிலத்தில், குளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே இன்னும் மூன்றடி வரை குழி தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் எடுத்த மண்ணை ஈரமாக்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தித் தள்ளினால் உடையாமல் நீளமான நாடாவாக வர வேண்டும். அரை அங்குலத்திலேயே ஒடிந்து உதிர்ந்தால் அது மணல் கலந்த மண். பிறகு அந்தக் குழியை நீரால் நிரப்பி ஒரு நாள் விடுங்கள். முதல் நாள் மண்ணே குடிக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மறுநாள் மீண்டும் நிரப்பி, பக்கத்தில் ஒரு வாளி நீரும் வைத்து, இரண்டிலும் எவ்வளவு இறங்கியது என்று அளந்து பாருங்கள். வாளியில் இறங்கியது வெயில் குடித்தது. குழியில் அதற்கு மேல் இறங்கியதெல்லாம் கசிவு. ஆய்வகக் கணக்கு இதைவிடத் துல்லியமாக இருக்கும். ஆனால் இந்தக் குழியில் காலையில் நீரே இல்லை என்றால் ஆய்வகம் வரை போகவே வேண்டியதில்லை.

"தாள் விரித்துவிடுவோம்" என்று பக்கத்துக்காரர் சொல்வார். கறுப்புப் பிளாஸ்டிக் தாள் விரித்த குளத்தில் கசிவு வெகுவாகக் குறையும், உண்மைதான். ஆனால் நான் பார்த்த பல பண்ணைகளில் குளத்துக்குத் தாள் விரித்துவிட்டு, நீர் கொண்டுவரும் வாய்க்காலையும் கழிவு வாய்க்காலையும் வெறும் மண்ணாகவே விட்டிருந்தார்கள். வாய்க்கால் எந்நேரமும் நிரம்பித்தான் இருக்கும், பெரும்பாலும் எல்லையை ஒட்டித்தான் ஓடும். பக்கத்து வயலில் முதலில் பயிர் கருகுவது அந்த ஓரத்தில்தான். ஆகவே குளத்தைவிட வாய்க்கால் எங்கே ஓடப்போகிறது என்று கேளுங்கள்.

வயலுக்கும் பண்ணைக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். மண்ணைப் பொறுத்து 50 முதல் 100 மீட்டர் என்பது ஆணையத்தின் வழிகாட்டி நெறி. அந்த இடைவெளிக்குள், குளத்தின் அடியைவிட ஆழமாக ஒரு வெட்டு வாய்க்கால் இருந்தால், பக்கவாட்டில் நகரும் உப்பு நீரை அது பிடித்துக்கொள்ளும். ஒரு நிபந்தனை: அதில் சேரும் நீரை அன்றாடம் இறைத்து வெளியேற்ற வேண்டும். இறைக்காமல் விட்டால் அதுவும் உங்கள் வயலுக்குப் பக்கத்தில் இன்னொரு உப்புக் குட்டைதான். கரண்டுச் செலவு என்று முதலில் நிறுத்துவது இந்த மோட்டாரைத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கோடையில் குளத்து நீர் அளவுக்கு மேல் உப்பாகும்போது, போர் போட்டு நிலத்தடி நல்ல நீரை எடுத்துக் கலப்பார்கள். இதற்கு அனுமதி கிடையாது. கசிவைவிட வேகமாகக் கிணற்றைக் கெடுப்பது இதுதான், ஏனென்றால் நல்ல நீரை உறிஞ்சிய இடத்துக்குக் கீழிருந்தும் கடல் பக்கமிருந்தும் உப்பு நீர் ஏறி வந்து உட்கார்ந்துகொள்ளும். பண்ணைத் திட்டத்தில் ஆழ்குழாய் இருக்கிறதா, எதற்கு என்று கேளுங்கள். ஆட்கள் குளிக்க என்றால் ஒரு அளவு போதும்.

இதெல்லாம் உறுதியாகத் தெரிந்தவை. கிணறு ஏற்கெனவே உப்பாகிவிட்ட ஊரில் அதற்கு யார் காரணம் என்பது அவ்வளவு எளிதான கேள்வி இல்லை. காவிரியில் கடைமடை வரை நீர் வராத வருடங்கள், ஊர் முழுக்கப் போட்ட போர்கள், 2004 சுனாமி எல்லாமே டெல்டா கடலோரத்தை உப்பாக்கியிருக்கின்றன. பண்ணையா, கடலா என்று ஓரளவு பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பண்ணை ஓரத்தில் உப்பு அதிகமாக இருந்து தள்ளிப் போகப் போகக் குறைந்தால், ஆழமில்லாத கிணறு ஆழமானதைவிட உப்பாக இருந்தால், உப்பு மேலிருந்து இறங்கியிருக்கிறது, பண்ணையைச் சந்தேகப்படலாம். ஆழமான குழாயில் அதிகமாகவும் மேல் கிணற்றில் குறைவாகவும் இருந்தால், கடல்நீர் கீழாக ஏறி வந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து நடந்திருந்தால் பங்கு பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் பண்ணை வருவதற்கு முன்பே அளந்து வைக்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி கழிவு. இறால் கழிவு என்றதும் மருந்து, ரசாயனம் என்று நினைக்கிறார்கள். அளவில் பெரிய கழிவு தீவனம்தான். ஒரு டன் வனாமி எடுக்கச் சாதாரணமாக ஒன்றரை டன் தீவனம் ஆகும். தீவனத்தில் 35 சதவீதம் புரதம். தழைச்சத்தாக (நைட்ரஜன்) கணக்குப் போட்டால் 84 கிலோ. அறுவடையான இறாலின் உடம்பில் வெளியே போவது 30 கிலோ அளவுதான். மீதி 55 கிலோ நீரிலும் சேற்றிலும் நிற்கிறது, கொஞ்சம் ஆவியாகப் போகிறது. ஆணையத்தின் 2009 வனாமி நெறிமுறை சதுர மீட்டருக்கு 60 குஞ்சு வரைதான் அனுமதித்தது. அந்த அளவில் போட்டு, 80 சதவீதம் பிழைத்து, 20 கிராமுக்கு வளர்ந்தால் ஹெக்டேருக்கு ஒன்பதரை டன் வரும். அப்படியானால் தங்கும் தழைச்சத்து 500 கிலோவுக்கு மேல். நெல் விவசாயிக்குப் புரியும்படி சொன்னால், 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 25 மூட்டை, நான்கு மாதத்தில், ஒரே ஹெக்டேரில். அதை ஒரே நாளில் உப்பனாற்றில் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாசி பூக்கும், இரவில் பிராணவாயு இறங்கும், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும்.

இந்தக் கணக்கிலேயே தீர்வும் இருக்கிறது. ஒன்றரை டன் தீவனம் என்பது ஒன்றே முக்காலும் ஆகலாம், ஒன்றேகாலும் ஆகலாம். டன் இறாலுக்கு 100 கிலோ தீவனம் மிச்சப்பட்டால் ஐந்தரை கிலோ தழைச்சத்து ஆற்றுக்குப் போகாமல் மிச்சம். தீவனம்தான் பண்ணையின் மிகப் பெரிய செலவு என்பதால் பண்ணைக்காரரின் லாபமும் ஆற்றின் நலனும் இந்த ஓர் இடத்தில் ஒன்றாக நிற்கின்றன. அதனால் ஒருவர் ஒழுங்கானவரா என்று பார்க்க அவர் விளம்பரப் பலகையைப் படிக்க மாட்டேன், செக் ட்ரேயைத் தூக்கிப் பார்ப்பேன். தீவனம் போட்டதும் வலைத்தட்டில் ஒரு கைப்பிடி வைத்துக் குளத்தில் இறக்குவார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கும்போது தட்டு காலியாக, நாலைந்து இறால் துள்ளிக்கொண்டு, அவற்றின் குடல் தீவன நிறத்தில் கோடாக நிறைந்து தெரிந்தால் தீவனம் அளவாக இருக்கிறது. தட்டில் ஊறிய குருணை கிடந்தால், அதே போலக் குளத்தின் அடி முழுக்கக் கிடக்கிறது என்று அர்த்தம். அடுத்த வேளை குறைக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் அந்தக் குறைப்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லா நாளும் ஒரே அளவு எழுதியிருந்தால் தட்டை யாரும் தூக்கவில்லை.

அடுத்தது அறுவடை நாள். குளத்து நீர் முழுக்க ஒரே மாதிரி அழுக்காக இருக்காது. முதலில் வடிவது ஓரளவு தெளிவான நீர். கடைசி ஐந்தில் ஒரு பங்கு இறங்கும்போதுதான் நடுவில் குவிந்த கறுப்புச் சேறு கலங்கிக் கிளம்பும். அழுகிய முட்டை வாடை கரையிலேயே அடிக்கும். வண்டிக்காரன் அவசரப்படுத்துவான், ஐஸ் கரைந்துகொண்டிருக்கும், ஆட்கள் இடுப்பளவு நீரில் சேற்றை மிதித்துக் கலக்கி இறாலைத் துரத்துவார்கள். நாலு மாதக் கழிவில் பெரும்பகுதி வெளியேறுவது அந்தச் சில மணி நேரத்தில்தான். அந்த நீரை நேராக ஆற்றுக்கு விடாமல் ஒரு தெளிவுக் குளத்தில் நிறுத்த வேண்டும். ஆறு மணி நேரம் நின்றாலே படியக்கூடிய சேற்றில் பெரும்பங்கு அடியில் இறங்கிவிடும். ஒரு நாள் நின்றால் இன்னும் நல்லது. வனாமிப் பண்ணை எத்தனை சிறியதானாலும் கழிவு நீர் சுத்திகரிப்பு அமைப்பு கட்டாயம் என்று 2009 நெறிமுறையே சொல்கிறது. மொத்த நிலத்தில் 60 சதவீதத்துக்கு மேல் நீர்ப்பரப்பு இருக்கக் கூடாது என்றும் இருக்கிறது. நிலம் முழுக்கக் குளமாக வரைந்த வரைபடத்தை யாராவது நீட்டினால் கழிவுக்கு அதில் இடமே இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

வெளியேறும் நீருக்கும் அளவுகோல் உண்டு. தொங்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பிஓடி, அதாவது நீரில் உள்ள கழிவு சிதையத் தேவைப்படும் பிராணவாயு, கடலில் விட்டால் 50 வரை, நீர் எடுக்கும் உப்பங்கழியிலேயே திரும்ப விட்டால் 20 வரை. உங்கள் உப்பனாறு இரண்டாவது வகை. தெளிவுக் குளம் சேற்றைப் பிடிக்கும், கரைந்த தழைச்சத்தையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) பிடிக்காது. அதற்கு உயிர்கள்தான் வேண்டும். இரண்டாவது குளத்தில் மடவை மீன், பாசி, ஆளி வைப்பது, வெளியேறும் வாய்க்காலில் அலையாத்தி நடுவது என்று பல வழிகள் இருக்கின்றன. வேலை செய்யும், ஆனால் எவ்வளவு என்பதில் மிகைப்படுத்துகிறார்கள். வாய்க்கால் ஓரம் ஐம்பது கண்டல் நட்டுப் படம் பிடித்துப் போடுவது சுத்திகரிப்பு ஆகாது. தீவிர முறையில் நடத்தும் ஒரு ஹெக்டேர் பண்ணையின் சத்துகளை உறிஞ்ச 22 ஹெக்டேர் வரை அலையாத்திக் காடு தேவைப்படலாம் என்று 1995-லேயே ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த எண் இடத்துக்கு இடம் மாறும், அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். பண்ணையைவிடப் பல மடங்கு காடு வேண்டும் என்பது மட்டும் மாறாது. சேற்றை என்ன செய்வது? காயவைத்துப் பண்ணைக் கரைக்கு உள்பக்கம் போடலாம். எருவாகப் பயன்படும் என்று வயலுக்குத் தர வந்தால் வாங்காதீர்கள், அதில் சத்தோடு உப்பும் இருக்கிறது.

நோய் வரும்போதுதான் ஒருவரின் ஒழுங்கு முழுதாகத் தெரியும். வெள்ளைப்புள்ளி வந்துவிட்டால் சில நாளில் குளம் காலி. இருப்பதைக் காப்பாற்ற இரவோடு இரவாக வலை போட்டுப் பிடிப்பார்கள், பயத்தில் மதகைத் திறந்துவிடுவார்கள். அதே நீரைக் கீழ்ப் பண்ணைக்காரர் விடியற்காலையில் மோட்டார் போட்டு இழுப்பார். செய்ய வேண்டியது வேறு: மதகை மூடி, பிளீச்சிங் பவுடர் போட்டு, குளோரின் முழுக்கப் போகும் வரை நாலைந்து நாளாவது நிறுத்தி, அப்புறம் வெளியேற்றுவது. குளோரினோடு திறந்துவிட்டால் நோயை அடக்கிய கையோடு ஆற்று மீனையும் கொன்றதாகிவிடும். ஆன்டிபயாடிக் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் போன்றவை தடை செய்யப்பட்டவை, ஏற்றுமதியில் பிடிபட்டால் சரக்கே திரும்பி வரும். இந்த ஒரு விஷயத்தில் வெளிநாட்டு வாங்குபவரின் கெடுபிடி உள்ளூர்ச் சோதனையைவிட அதிகம் சாதித்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பண்ணையைப் பற்றி. எனக்கு உண்மையான கவலை, எல்லோரும் ஒழுங்காக நடத்தினாலும் ஆறு தாங்குமா என்பதில்தான். ஒரு பண்ணை அளவுக்குள் விடுகிறது, பக்கத்துப் பண்ணையும் அளவுக்குள் விடுகிறது, அப்படி ஐம்பது பண்ணை ஒரே கழியில் விட்டால் அளவுக்குள் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஆற்றைக் கெடுக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் உப்பனாறு கழுவிக்கொண்டு போகும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும்போது அதே நீர்தான் முன்னும் பின்னும் ஆடும். அந்த மாதங்களில் எத்தனை ஹெக்டேர் வரை தாங்கும் என்று கழிமுகம் கழிமுகமாகக் கணக்கிட்டு, அதற்கு மேல் அனுமதி இல்லை என்று நிறுத்தும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. நார்வேயில் சால்மன் வளர்ப்புக்கு 2017 முதல் கடற்கரையை 13 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் சால்மன் பேன் என்ற ஒட்டுண்ணி காட்டு மீனை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு போடுகிறார்கள். பச்சை என்றால் 6 சதவீதம் வளரலாம், சிவப்பு என்றால் 6 சதவீதம் குறைக்க வேண்டும். அந்த முறைக்கும் அங்கே எதிர்ப்பு இருக்கிறது, பேனை மட்டும் அளக்கிறார்கள் என்பது ஒரு குறை. ஆனால் தனிப் பண்ணையைப் பார்க்காமல் நீர்நிலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள், அதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அறிவியல் இன்னும் முடிவு சொல்லாத விஷயமும் ஒன்று உண்டு. வனாமி நம் கடலுக்கு அந்நியன், பசிபிக்கின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. பண்ணையிலிருந்து தப்பியவை தாய்லாந்தின் பாங்பாகாங் ஆற்றில் வலையில் சிக்கியிருக்கின்றன. அப்படித் தப்பியவை இங்கே இனம் பெருக்கி நம் வெள்ளை இறாலின் இடத்தைப் பிடிக்குமா என்பதற்கு 'ஆம்' என்றும் அடித்துச் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் முடியாது. மதகில் இரட்டை வலை கட்டுவது சின்னச் செலவு, அதைச் செய்துவிடலாம்.

கேள்விக்குக் கீழே சிலர் மாற்று யோசனைகள் எழுதியிருக்கிறார்கள். கேரளத்துப் பொக்காளி மாதிரி மழையில் நெல், கோடையில் இறால் என்று ஒரே நிலத்தில் செய்யலாமே என்பது ஒன்று. பொக்காளியில் தீவனம் போட்டு நெருக்கமாக வளர்ப்பதில்லை. அலையோடு வரும் குஞ்சை அடைத்து வளர்க்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்த்து உப்பைக் கழுவிவிடுகிறது. வழிவழியாக அந்த உப்புக்குப் பழகிய நெல் அது. உங்கள் நஞ்சையில் சதுர மீட்டருக்கு 60 வனாமி போட்டுவிட்டு அடுத்த போகம் பொன்னி நடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மட்டி, பச்சை ஆளி வளர்த்தால் தீவனமே வேண்டாமே என்பது இன்னொன்று. உண்மை, அவை நீரில் இருப்பதை வடிகட்டித்தான் சாப்பிடுகின்றன. காசர்கோடு பக்கம் படன்னாவில் பெண்கள் குழுக்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்தே கல்லுமக்காய், அதாவது இதே ஆளி, வளர்க்கிறார்கள். ஆனால் வடிகட்டும் உயிர் நல்லதை மட்டும் வடிகட்டாது, சாக்கடை கலந்த கழியில் கிருமியையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். கயிற்றுக்குக் கீழே அதன் எச்சமும் குவியும். கடற்பாசி பற்றியும் கேட்டிருந்தார்கள். சத்தை உறிஞ்ச அருமையான வழி. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் கூண்டில் கடல்விரால் மீனும் பக்கத்தில் பாசி மிதவையும் சேர்த்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே மன்னார் வளைகுடாவில், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த காப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்த கதையும் இருக்கிறது. சுத்தமான தொழில் என்று பெயர் வாங்கியதற்கும் எந்த இடம் என்ற கேள்வி உண்டு.

கையெழுத்துக்கு வருகிறேன். நெறிமுறைப்படி விவசாய நிலம், உப்பளம், அலையாத்திக் காடு ஆகியவற்றை இறால் பண்ணையாக மாற்றக் கூடாது. குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர், 500 பேருக்கு மேல் வாழும் ஊரிலிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வெள்ள வடிகாலை மறிக்கக் கூடாது. டெல்டாவில் இந்தக் கடைசி விஷயம் உயிர்நாடி. கார்த்திகை மழையில் உங்கள் வயலில் நீர் தேங்கினால் உப்புக்கு முன்பே பயிர் அழுகிவிடும். 2023-ல் சட்டத்தைத் திருத்திச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதமாக மாற்றினார்கள். ஆணையத்தின் பதிவு இல்லாமல் நடத்துவது அப்போது சிறை வரை போகும் குற்றம், இப்போதும் அபராதத்துக்குரிய விதிமீறல். உங்கள் கையெழுத்துக்குச் சட்டத்தில் என்ன எடை என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து நிலம் பட்டாவில் நஞ்சையா, தரிசா, எத்தனை வருடமாகப் பயிர் இல்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிடுங்கள். நஞ்சை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

தரிசுதான், அடியில் ஆழமான களிதான், வடிகால் மறிபடவில்லை என்றால் நான் உங்கள் இடத்தில் மறுக்க மாட்டேன், வெறும் கையெழுத்தும் போட மாட்டேன். எல்லையில் இடைவெளி எத்தனை மீட்டர், வெட்டு வாய்க்காலை இறைப்பது யார், கழிவு வாய்க்கால் எந்தப் பக்கம், குளத்துக்கு ஆழ்குழாய் நீர் கிடையாது என்பதையெல்லாம் அதே தாளில் எழுதச் சொல்வேன். எல்லையை ஒட்டி உங்கள் பக்கம் மூன்று இடத்தில் பத்தடி ஆழத்துக்கு ஓட்டை போட்ட பிவிசி குழாய் இறக்கி, மாதம் ஒருமுறை அதில் நீர் மொண்டு ஈசி மீட்டரில் அளந்து எழுதி வைப்பேன். கையடக்க மீட்டர் பெரிய விலை இல்லை. பண்ணையில் முதல் நீர் ஏறுவதற்கு முன்பே உங்கள் மண்ணையும் கிணற்று நீரையும் அரசு ஆய்வகத்தில் கொடுத்துத் தேதி போட்ட தாள் வாங்கிவிடுங்கள். ஒருமுறை சித்திரை, வைகாசியிலும் ஒருமுறை மார்கழியிலும் எடுக்க வேண்டும். மழைக்குப் பிறகு மட்டும் எடுத்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறாகத்தான் தெரியும்.